அம்மா சொல்லாத அவஸ்தை

வீட்டில் கல்யாணம். எல்லோரும் கிளம்பி நிற்கிறீர்கள். அம்மா மட்டும், 'எனக்கு முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க' என்கிறார். போன மாதம் கோயிலுக்குக் கூப்பிட்டபோதும் இதே பதில்தான். உண்மையில் வலி முட்டியில் இல்லை. அரை மணி நேரம் நின்றால் கீழே ஏதோ உருண்டையாக இறங்கி வருகிற மாதிரி இருக்கிறது. தும்மினால் புடவை நனைகிறது. இதைப் போய் மகனிடம் சொல்ல முடியுமா? மகளிடம்கூடச் சொல்லாமல் பத்து வருஷம் ஓட்டியவர்கள் உண்டு.

'அடி இறங்கிடுச்சு' என்று பாட்டிமார் கிசுகிசுப்பார்களே, அதுதான் இது. டாக்டர்கள் கர்ப்பப்பை இறக்கம் என்பார்கள். ஆனால் இறங்குவது கர்ப்பப்பை மட்டுமல்ல. முன்பக்கம் சிறுநீர்ப்பை, பின்பக்கம் மலக்குடல் என்று எது வேண்டுமானாலும் பிறப்புறுப்புக்குள் சரியலாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் வரலாம்.

தூளி கட்டியிருக்கிறீர்கள்தானே? இடுப்பின் அடியில், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளித் துணி மாதிரி தசைகள் விரிந்து இந்த உறுப்புகளைத் தாங்குகின்றன. மேலே இருந்து நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பிரசவத்தில் குழந்தை இந்தத் தூளியை விரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. பல பிரசவங்கள், பெரிய குழந்தை, ஆயுதம் போட்ட பிரசவம் என்றால் துணி தொய்கிறது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசுக்கள் மெலிகின்றன. அதனால்தான் முப்பதில் பெற்ற பிள்ளைக்கு அறுபதில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது! தீராத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது, உடல் பருமன், பாரம் தூக்குவது எல்லாம் மேலிருந்து அழுத்துகின்றன. நிறைந்த கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதை இடுப்பொடியத் தூக்குவது பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலையில் பரவாயில்லை, சாயங்காலம் பாரமாக இருக்கிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது. இதுதான் முக்கிய அடையாளம். சிறுநீர் முழுசாகப் போகாத உணர்வு, அடிமுதுகு வலி, விரலால் அழுத்தினால்தான் மலம் போகிறது என்பதும் இதனால் இருக்கலாம். கையில் ஏதோ தட்டுப்பட்டதும் 'கேன்சரோ!' என்று பயந்து இன்னும் மறைக்கிறார்கள். இறக்கம் புற்றுநோய் அல்ல. டாக்டர் படுக்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

'டாக்டரிடம் போனால் கர்ப்பப்பையை எடுத்துடுவாங்க' என்பதுதான் அடுத்த பயம். அவசியமில்லை. லேசான இறக்கம் இருந்து தொந்தரவே இல்லையென்றால் வைத்தியமே வேண்டாம், கவனித்துக்கொண்டால் போதும். தொந்தரவு இருந்தால் முதலில் பயிற்சி. 1948-ல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் எழுதி வைத்தது, இன்றும் அதுதான். பலர் இதைத் தப்பாகச் செய்துவிட்டு 'பலனே இல்லை' என்கிறார்கள். நாலு பேர் நடுவில் காற்றை அடக்குவீர்களே, அந்தத் தசையை உள்ளே, மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் எதுவும் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். பத்து முறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதே செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். சிறுநீரை நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்வார்கள் சிலர், அதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லிக்கொடுத்தால் ரொம்ப நல்லது.

அடுத்தது பெஸரி. உள்ளே வைக்கும் சிலிக்கான் வளையம். இறங்குவதைத் தாங்கிக்கொள்ளும். ஆபரேஷன் தாங்காத உடம்பு, ஆபரேஷனே வேண்டாம் என்பவர்கள், இன்னும் குழந்தை பெற நினைப்பவர்கள் என்று பலருக்கும் இது கைகொடுக்கும். டாக்டர் சொன்ன இடைவெளியில் எடுத்துக் கழுவி வைக்க வேண்டும். 'வெச்சாச்சு' என்று மறந்துபோனால் புண்ணாகிவிடும்.

இதிலும் சரியாகாவிட்டால்தான் ஆபரேஷன். அப்போதும் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அதைத் தூக்கிக் கட்டும் முறைகள் இருக்கின்றன. அதில் ஒன்றை வகுத்தவர் நம் மும்பை டாக்டர் ஷிரோத்கர். 'எடுக்காமல் முடியுமா?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்கு மறுபடி இறங்கலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீர் அடியோடு நின்றுபோனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான பிறகு ரத்தம் பட்டாலும், வெளியே வந்த பகுதி புண்ணானாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி, இன்றிலிருந்தே வீட்டில் ஒரு மாற்றம் செய்யலாம். சிலிண்டர் வந்தால் அப்பாவோ பிள்ளையோ உருட்டிக்கொண்டு போகட்டும்.