நெல்லை ஏமாற்றும் தாவும் மரபணு

ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் வழித்து எறிந்துவிடுகிறோம். அதே பூசணக் குலத்தைச் சேர்ந்த ஒன்று நெல் வயலில் புகுந்தால், போவது ஊறுகாய் அல்ல, சோறு! அதற்குக் குலை நோய் என்று பெயர். இலையில் கண் வடிவத்தில் புள்ளிகள் விழும். கதிரின் கழுத்தைப் பிடித்துவிட்டாலோ மணி பிடிக்காது, பதர்தான் மிஞ்சும்.

இந்தப் பூசணத்துக்குக் கையாள் ஒன்று உண்டு. அதன் உயிரணுவுக்குள்ளேயே குடியிருக்கும் 'தாவும் மரபணு'தான் அது.

அது என்ன என்கிறீர்களா? உங்கள் சமையல் குறிப்பு நோட்டில் ஒரு துண்டுக் காகிதம் பக்கத்துக்குப் பக்கம் தானாகவே தாவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்கான குறிப்பின் நடுவே அது போய் ஒட்டிக்கொண்டால், அன்று வீட்டில் ரசம் கிடையாது! உயிர்களின் மரபுக் குறிப்பிலும் இப்படித் திரியும் துண்டுகள் இருக்கின்றன.

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவைச் சேர்ந்த பார்பரா மெக்கிளின்டாக், மக்காச்சோள மணிகளில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவதை ஆராய்ந்து இந்த உண்மையைக் கண்டார். 1951-ல் அறிஞர்கள் கூடிய சபையில் விளக்கியபோது ஏற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலரே. அவர் மனம் தளரவில்லை. 1983-ல், தமது 81-வது வயதில், யாரோடும் பங்கு போடாமல் நோபல் பரிசைப் பெற்றார்!

நெல்லுக்கு வருவோம். டெடெப் என்ற வியட்நாம் நெல்லில் 'பை-டா' என்றொரு காவல் மரபணு உண்டு. பூசணம் சுரக்கும் ஒரு புரதத்தை அது காவல் நாய் போல மோப்பம் பிடித்துவிடும். உடனே பயிர் விழித்துக்கொள்ளும். அமெரிக்காவின் அர்க்கன்ஸாஸ் மாநிலத்தார் இந்தக் காவலைத் தங்கள் நெல் ரகங்களில் சேர்த்தார்கள்.

ஆனால் 2004-ல், அந்தக் காவல் உள்ள 'பேங்க்ஸ்' ரகத்தையே குலை நோய் தாக்கியது! வயலிலிருந்து எடுத்த பூசணத்தைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. 'பாட்-3' என்ற தாவும் துண்டு, அந்தப் புரதத்துக்கான குறிப்பின் நடுவே போய் உட்கார்ந்திருந்தது. புரதம் சரியாக உருவாகவில்லை, வாசனை இல்லை, நாய் குரைக்கவில்லை.

பூசணம் திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சியல்ல இது. துண்டு எங்கே தாவும் என்று யாரும் சொல்ல முடியாது. பல தாவல்களால் ஒரு பயனும் இல்லை. சில, பூசணத்துக்கே கெடுதல். ஆனால் கணக்கற்ற வித்துக்களில் ஒன்றுக்கு அதிர்ஷ்டம் அடித்தால் போதும். அதன் சந்ததி வயல் முழுவதும் பரவிவிடும்.

அதனால்தான் இன்று நெல் ஆராய்ச்சியாளர்கள் ஒரே ரகத்தில் பல காவல் மரபணுக்களைச் சேர்த்து வைக்கிறார்கள். ஒன்று ஏமாந்தாலும் மற்றொன்று விழித்திருக்குமே! ஒரே ஒரு தாழ்ப்பாளை நம்பி நிம்மதியாகத் தூங்கும் இல்லத்தரசி எங்கேயாவது உண்டா?