எந்தப் பக்கம் உட்காருவது?

சபையும் சனமும் – 9

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடிப் பக்கமிருந்து சேக்காட்டுக்குள் நடந்தால், ஒரு தெருவின் பாட்டு ஓயும் முன்பே அடுத்த தெருவின் கீபோர்டு தொடங்கிவிடும். மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஜெபவீடு, ஷட்டர் கடையை வாடகைக்குப் பிடித்த சபை, கொஞ்சம் தள்ளிப் போனால் மணிக்கூண்டு வைத்த பழைய சபைகள். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்துத் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தங்கள் சபையையும் கொண்டுவந்தன. உபதேசத்தில் ஆயிரம் வேறுபாடு உண்டு. பெரும்பாலான இடங்களில் மாறாதது ஒன்றுதான்: ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாசலில் நிற்கிறவரும் வருகிற ஆளைப் பார்த்து “தோத்திரம் பிரதர்”, “தோத்திரம் சிஸ்டர்” என்று பிரித்துத்தான் வரவேற்பார்.

ஒரு திருநங்கை படியேறி வந்தால் இந்த ஏற்பாடு வாசலிலேயே தடுமாறுகிறது. “சிஸ்டர்” என்று வாய் வந்துவிட்டால் பெண்கள் பக்கம் ஓர் அக்கா நகர்ந்து உட்காருவார். வராவிட்டால், செருப்புகள் கிடக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சோதோம் கொமோராவா, பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பிய அண்ணகரா என்ற வேத விவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான். எல்ஜிபிடி மக்களைச் சபைகள் ஏற்பது பற்றி எழுதுகிறவர்கள் வசனங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன்.

இருக்கைக்காகத் தமிழ்க் கிறிஸ்தவம் சண்டை போட்டது இது முதல் முறையல்ல. சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதி விசுவாசிகள் கூட்டமாக வெளியேறினார்கள். அதற்குப் பிறகுதான் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று கோயிலே பிரித்துக் கட்டப்பட்டது. நடுவில் இருந்த தடுப்பை இடிக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இடித்ததும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. மேலிடத்து அறிக்கையால் மட்டும் சபை மாறிவிடும் என்று யாராவது சொன்னால், இதையெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அறிக்கைகளுக்குக் குறைவில்லை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றத்தில் சி.எஸ்.ஐ.யும் தமிழ் லுத்தரன் திருச்சபையும் உறுப்பினர்கள். பாலியல்பு, பாலின வேறுபாடு பற்றிய இறையியல் நூல் ஒன்றை அந்த மன்றம் 2017-ல் கொண்டுவந்தது. கத்தோலிக்கத் தரப்பில் மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியஸ், தன்பாலீர்ப்புள்ளவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை பார்க்கவில்லை என்று 2013-லேயே பேசினார். ஆனால் அதே 2013 டிசம்பரில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்த உச்ச நீதிமன்ற வழக்கில், அந்தப் பிரிவு வேண்டும் என்று நின்றவர்களில் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸும் உத்கல் கிறிஸ்தவ கவுன்சிலும் இருந்தன. 2018 செப்டம்பர் 6-ல் அந்தப் பிரிவு வலுவிழந்த வழக்கிலும் கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்த்து வாதாடின. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்த சட்டத்தை வேதவசனம்போல் காப்பாற்றப் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

இதற்கு நடுவே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒன்று நடந்தது. செங்கல்பட்டை அடுத்த நடராஜபுரத்தில் போதகராகப் பணியாற்றிய பாரதியை, இந்தியாவின் முதல் திருநங்கை போதகர் என்று பத்திரிகைகள் எழுதின. இந்துக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, இறையியல் படித்துப் பட்டம் வாங்கியவர். அவரை ஏற்றது முற்போக்கு இறையியல் பேசும் கல்லூரிச் சபை அல்ல, ஈ.சி.ஐ. எனப்படும் இந்திய சுவிசேஷ திருச்சபை. பேராயர் எஸ்றா சற்குணத்தின் காலத்தில் ஊர் ஊராகச் சபை நடுவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது அது. பாலின அரசியல் தெரிந்து செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறதா, ஒரு கிராமத்தில் போய் நிற்க மனம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். திருநங்கை ஒருவர் பிரசங்க மேடையில் நின்றதும் எந்தப் பக்கம் உட்காருவது என்ற கேள்வி காணாமல் போகிறது. மேடைக்குப் பக்கம் கிடையாது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருநங்கைகளுக்குத் திறக்கும் கதவு தன்பாலீர்ப்புள்ளவர்களுக்குத் திறப்பதில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் திருநங்கைகளுக்கு நலவாரியம் இருக்கிறது. அவர்களைத் தெருவில், ரயிலில், டிவியில் பார்த்துப் பழகியிருக்கிறோம். இரக்கம் காட்டுவது சபைக்குச் சுலபம். கிறிஸ்துமஸுக்குச் சேலை, பிரியாணிப் பொட்டலம், ஒரு போட்டோ. சந்தா நோட்டில் பெயர் ஏறுமா என்று கேட்டால்தான் சபை ஐயர் தொண்டையைச் செருமுகிறார்.

தன்பாலீர்ப்புள்ள பையனோ பெண்ணோ அப்படி வாசலுக்கு வெளியே நிற்பவர் அல்ல. அவர் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவர், பாடகர் குழுவில் டெனார் பாடுகிறவர், கீத பவனிக்கு வேன் பேசியவர். அவரை யாரும் புதிதாக வரவேற்க வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, “இப்படிப்பட்டவர்கள் சாபத்துக்குட்பட்டவர்கள்” என்ற பிரசங்கத்துக்கு எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் அம்மா முதலில் போவது பாஸ்டரம்மாவிடம். அந்த அரை மணி நேரத்தில் பாஸ்டரம்மா என்ன சொல்கிறார் என்பதில் அந்தப் பிள்ளையின் அடுத்த பத்து வருஷம் இருக்கிறது. “பிசாசின் கட்டு, மூணு நாள் உபவாசம் போடுவோம்” என்று சொன்னால், எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து, கூச்சலிட்டு ஜெபிப்பார்கள். மாறிவிட்டதாகப் பையன் நடிப்பான். பெண் பார்க்கத் தொடங்குவார்கள். அப்புறம் ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணும் இதில் மாட்டுவாள். “உன் பிள்ளையும் என் பிள்ளைபோல்தான், சாப்பிட்டானா?” என்று கேட்டால் கதை வேறு.

மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைப் போதகர்கள் படிக்க வேண்டும். இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்ற பிறகே அவர் உத்தரவு எழுதினார். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதற்குத் தடை விதித்தார். மீறுகிறவர்கள் தொழில் உரிமத்தை இழக்கலாம். மாடி ஜெபவீட்டுக்கு இந்தச் சாட்டை எட்டாது. பறிப்பதற்குப் பாஸ்டரிடம் மருத்துவ கவுன்சில் உரிமம் இல்லையே. அதனால்தான் அங்கே நீதிமன்றத்தைவிடச் சபையார் முக்கியம்.

அமெரிக்க லுத்தரன் சபைகள் சிலவற்றில் 1980-கள் முதல் ஒரு நடைமுறை உண்டு. சபை கூடிப் படிக்கும், பேசும், பிறகு ஓட்டெடுத்து, உங்களை ஏற்கிறோம் என்று எழுதிவைக்கும். நல்ல முறைதான், ஆனால் நமக்கு ஒத்துவருமா என்பது சந்தேகம். நம் சபைத் தேர்தல்கள் ஐகோர்ட்டு வரை போகிற லட்சணம் ஊருக்கே தெரியும். சிங்கப்பூர் வழி நமக்குக் கொஞ்சம் பக்கம். மலேசியா–சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையின் முதல் ஆசியப் பேராயர் யாப் கிம் ஹாவ், ஓய்வுக்குப் பிறகு அங்கே ஃப்ரீ கம்யூனிட்டி சர்ச் என்ற, தன்பாலீர்ப்புள்ளவர்களை ஏற்கும் சபைக்கு ஆலோசகராகத் துணைநின்றார். வயதில் மூத்த, ஒருகாலத்தில் அங்கி அணிந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களின் முணுமுணுப்பு பாதியாகும். நம் ஊரிலும் ஓய்வுபெற்ற ஐயர்மார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இனி டிரான்ஸ்பர் பயம் இல்லை.

என்னைக் கேட்டால், கமிட்டியை விட்டுவிட்டுப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தொடங்குவேன். வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் ஜெபக்கூட்டம் அவர்களுடையது. ஒரு திருநங்கை சபைக்கு வருவதை வைத்துச் சபையை அளக்காதீர்கள். அவருடைய ஒற்றை அறை வாடகை வீட்டில் அந்தக் கூட்டம் நடக்கிறதா, அவர் போட்ட டீயை எல்லோரும் குடிக்கிறார்களா என்று பாருங்கள்.

பிறகு பதிவேடு. ஆவடி வட்டாரத் திருநங்கை ஒருவர் 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி திருவள்ளூர் கலெக்டரிடம் சான்றிதழ் வாங்கிவிட்டால் அரசு ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஞானஸ்நானப் பதிவேடு சபையின் சொந்தக் கணக்கு. அதில் புதுப் பெயரை எழுத ஒரு பேனாவும் போதகரின் மனசும் போதும். திருநர் மக்கள் திருமுழுக்குப் பெறலாம் என்று 2023 அக்டோபரில் வத்திக்கானே, சில நிபந்தனைகளோடு, விளக்கம் கொடுத்துவிட்டது.

கல்யாணம்தான் கடைசிப் பூட்டு. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட உரிமை இல்லை என்றது. அதே தீர்ப்பில், ஒரு திருநங்கையும் ஆணும், ஒரு திருநம்பியும் பெண்ணும், தனிச் சட்டங்கள் உட்பட இருக்கிற சட்டங்களின் கீழேயே மணந்துகொள்ளலாம் என்றும் சொன்னது. முந்தையதைப் பற்றியே எல்லோரும் பேசினோம். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, தன்பாலின இணையருக்கு இப்போதைக்குக் கிடைத்திருக்கும் சின்ன ஆறுதல். ஆனால் சேக்காட்டில் ஒரு திருநங்கை தன் காதலரோடு ஆலயத்தில் மாலை மாற்ற விரும்பினால், 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் பெற்ற போதகரே பதிவாளரின் இடத்திலும் இருக்கிறார். கோட்டையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று அவர் சொல்ல முடியாது. மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சபையைக் கேட்க வேண்டியவர் அவர்தான். ஆட்சேபிக்க எழுந்திருப்பவர்கள் யார், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த டெனார் பாடகரின் அப்பா அவர்களில் ஒருவரா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)