கல்லாப்பெட்டியில் ஒரு பிடி செம்மண்



பூந்தமல்லி, சென்னீர்குப்பம், ஆவடி வட்டாரத்து மளிகைக் கடைகள் சிலவற்றில் கல்லாப்பெட்டியின் மூலையில் சிறு பொட்டலமாகச் சிவப்பு மண் மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்ற மாதம் ஒரு கடையில் முதலாளியின் மகன் பெட்டியைத் துடைக்கும்போது, "இது என்ன குப்பை?" என்று அதை வெளியே கொட்டப் போனான். நல்லவேளையாக நான் அங்கே நின்றிருந்தேன். அவனுக்குச் சொன்னதை நம் எல்லோருக்கும் பயன்படும் என்றே இங்கு எழுதுகிறேன்.

அந்த மண் திருச்செந்தூர்ச் சீமையின் தேரி மண். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தில் மைல் கணக்கில் செக்கச்செவேலென்று குவிந்து கிடக்கும் மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். மணல் துகள்களின் மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால்தான் அந்த நிறம். ஆடிக் காற்றில் மேடு இடம் மாறும். நேற்று நடந்த பாதை இன்று இருக்காது. பனையும் உடைமரமும் தவிர மற்றவை எளிதில் பிழைக்காத பூமி. ஆனால் மனிதன் அங்கே மிகப் பழங்காலத்திலேயே வாழ்ந்திருக்கிறான். அவன் விட்டுச் சென்ற நுண்ணிய கல் ஆயுதங்களைப் பற்றி 1956-ல் தொல்லியல் அறிஞர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதியுள்ளனர்.

வியாபாரிகளாகிய நாம் பெருமைப்பட வேண்டிய கரை அது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை அங்கேதான் இருந்தது. 1960-களின் இறுதியில் நடந்த அகழாய்வில் கிடைத்த பொருள் ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் மேடிட்டு, கொற்கை கடலை விட்டு உள்ளே போய்விட்டது. அதன் பின் காயல் தலையெடுத்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே இறங்குவதை எழுதி வைத்தார். தெற்கே மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்றின் மேல் ஒரு சிலுவைக் கோயில் உண்டு. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன், கரை சேர்ந்தால் சிலுவை நடுவதாக நேர்ந்துகொண்டு, உடைந்த பாய்மரத்திலேயே அதைச் செய்து நட்டான் என்பது அவ்வூர் வரலாறு. 1542-ல் வந்த புனித சவேரியார் தங்கிய குகையும் அங்கே இருக்கிறது.

குலசேகரன்பட்டினத்தில் பனை வெல்லத்தைச் சுத்திகரித்துச் சர்க்கரையாக்கும் ஆலை இருந்தது. அதற்காகவே திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை ஒரு சிற்றிரயில் ஓடியது. 1940-ல் அது நின்றுபோயிற்று. இன்று அதே ஊரில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பக்கத்து உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இனி மண்ணுக்கு வருகிறேன். காயாமொழி அருகே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் அங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும். கள்ளனாகப் பாவித்து ஓர் இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் சிந்திய செம்மண்ணை மக்கள் முண்டியடித்து அள்ளி, வீட்டிலும் கடையிலும் வைப்பார்கள். வைத்தால் களவு போகாது, செல்வம் சேரும் என்பது நம்பிக்கை.

என் பெட்டியிலும் அந்த மண் உண்டு. ஆனால் அது வந்த வழி வேறு.

1994-ல் என் மண்டிக்கு வந்த கருப்பட்டியில் இரண்டு சிப்பம் குறைந்தது. சரக்கை இறக்கி அடுக்கியவன் தேரிப் பக்கத்துப் பையன், பதினெட்டு வயது. நான்கு பேர் முன்னிலையில் அவனைக் கள்ளன் என்று சொல்லி, கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் திருவள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்க குறி போட்ட ரெண்டு சிப்பம் எங்க சரக்கோட இறங்கிக் கிடக்கு" என்றார்.

அன்றிரவே பஸ் ஏறினேன். பையன் பம்பாய்க்குப் போய்விட்டிருந்தான். அவன் தாயார் என்னைத் திட்டவில்லை. பதநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, இந்தத் தேரி எப்படி வந்திச்சின்னு தெரியுமா?"

அவர் சொன்ன கதை இது. முன்னொரு காலத்தில் இங்கே செழிப்பான ஊர் இருந்தது. ராஜாவுக்கு ஓர் அதிசய மாமரம். அதன் கனி ஒன்று ஓடையில் விழுந்து மிதந்து, தண்ணீர் மொண்ட ஒரு பெண்ணின் குடத்துக்குள் போய்விட்டது. அவளுக்கே அது தெரியாது. கனி அவள் குடத்தில் இருந்ததால் அவள்தான் திருடி என்று ராஜா கொன்றுவிட்டான். சாகும்போது அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து ஊரே மூடிப்போயிற்று.

"ஒரு பழத்துக்காக விசாரிக்காமச் செஞ்சது. நான் சாபம் விடல அண்ணாச்சி. அவன் போயிட்டான், அவ்வளவுதான்" என்றார். புறப்படும்போது வாசல் மண்ணில் ஒரு பிடி அள்ளி, நானே காகிதத்தில் மடித்துக்கொண்டேன். பையனுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, அவன் திரும்பவும் வரவில்லை.

கள்ளனை வெட்டும் விழாவும், கள்ளி அல்லாதவளைக் கொன்ற கதையும் ஒரே மண்ணில் இருப்பது நம் போன்றவர்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று முதல் என் மண்டியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சரக்குக் குறைந்தால் முதலில் லாரி ரசீது, அடுத்து இறக்கிய இடங்கள், பிறகு எடைச் சீட்டு, அதன் பிறகு பேரேடு. இவ்வளவும் பார்த்த பின்தான் ஆளைக் கேட்பது. அதுவும் தனியாகக் கூப்பிட்டு. இந்த முப்பது ஆண்டுகளில் குறைந்த சரக்கில் பெரும்பகுதி ரசீதிலேயே அகப்பட்டிருக்கிறது.

ஆகவே, உங்கள் பெட்டியில் அந்த மண் இருந்தால் பிள்ளைகளிடம் அதன் கதையைச் சொல்லி வையுங்கள். காசு சேர்வது அவரவர் உழைப்பு. கடையில் வேலை செய்யும் பிள்ளையின் மானம் நம் கையில் இருக்கிறது.