மனச்சுமைக்குப் புத்தாடை மருந்தாகுமா?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் பழமொழி. பண்டிகை, திருமணம், பணியில் சேரும் முதல் நாள் என வாழ்வின் நல்ல தருணங்கள் யாவற்றிலும் புத்தாடைக்கு ஓர் இடமுண்டு. அந்த மகிழ்ச்சியில் குறைகாண ஏதுமில்லை. ஆயினும் அண்மைக்காலமாக ஆடை வேறொரு பணிக்கும் பயன்படுத்தப்படுகிறது. மேலதிகாரியின் கடுஞ்சொல், தனிமை, சலிப்பு, உறவினர் இல்ல விழாவில் மனத்தில் எழுந்த ஒப்பீடு ஆகியவற்றைத் தணிக்கும் மருந்தாகப் பலரும் அதனை நாடுகின்றனர். கைப்பேசியில் சேலைகளையும் சட்டைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனம் சற்றே இலேசாகிறது. பணம் செலுத்தியதும் அந்த ஆறுதல் தேயத் தொடங்குகிறது. பொட்டலம் வீடு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் மறைந்தும் விடுகிறது.

இச்செலவைக் கட்டுப்படுத்த எண்ணுவோர் வழக்கமாக எடுக்கும் உறுதி, ‘இனித் துணியே வாங்க மாட்டேன்’ என்பதாகும். அவ்வுறுதி நெடுநாள் நிலைப்பதில்லை. வாங்கத் தூண்டும் மனநிலையும் அது எழும் வேளையும் மாறாதிருக்கும் வரை, செலவும் மாறாது. அந்த வேளை எதுவென்று கண்டறிய உதவும் ஆவணம் ஏற்கெனவே நம் கையில் உள்ளது. வங்கிக் கணக்கு அறிக்கையே அது.

அறிக்கை காட்டும் வேளை

பணிமாற்றத்தால் குடும்பத்தைப் பிரிந்து, வடமாநில நகரம் ஒன்றில் தனியே வசித்த வாடிக்கையாளர் ஒருவர், கடன் அட்டை நிலுவையை அடைப்பதற்காகத் தனிநபர் கடன் கேட்டுக் கிளைக்கு வந்திருந்தார். அவருடைய பெயரும் ஊரும் இங்குத் தவிர்க்கப்படுகின்றன. போதுமான ஊதியம், தீய பழக்கம் எதுவுமில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த இரண்டு மாதங்களே இருந்தன. “பணம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை, சார்” என்றார்.

ஆறு மாத அறிக்கையை இருவரும் அமர்ந்து பார்த்தோம். எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு என ஆடை விற்பனைத் தளங்களுக்குச் சென்ற தொகைகள் வரிசையாக இருந்தன. தனித்தனியே எதுவும் பெரிதன்று. தேதிகளை நாள்காட்டியோடு ஒப்பிட்டபோது அவரே மௌனமானார். பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமைகள். குறுஞ்செய்திகளில் நேரத்தைப் பார்த்தார். இரவு பத்து மணிக்குப் பிறகு. மாலையிலேயே வீட்டாருடன் பேசி முடித்துவிட்டு, மறுநாள் அலுவலகத்தை எண்ணியபடி உறக்கமின்றிக் கிடந்த வேளை அது. பிரிக்கப்படாத பொட்டலங்கள் சில இன்னும் அறையில் இருப்பதாகவும் கூறினார்.

அதன்பின் அவர் செய்தவை எளியவை. ஞாயிறன்று வீட்டாருடன் பேசும் நேரத்தை இரவு பத்து மணிக்கு மாற்றிக்கொண்டார். கடன் அட்டையின் இணையவழிப் பயன்பாட்டை நிறுத்தி வைத்தார். நிலுவையை, அட்டையைவிடக் குறைந்த வட்டியுள்ள கடனாக மாற்றிக்கொண்டார். அவ்வாண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல்களை அடகு வைக்க நேர்ந்தது. மறு ஆண்டு அதற்குத் தேவை ஏற்படவில்லை.

வட்டியின் கணக்கு

சிறு தொகைகள் எவ்வாறு பெருஞ்சுமையாகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கடன் அட்டையில் 20,000 ரூபாய் நிலுவை. மாத வட்டி 3.5 சதவீதம் எனக் கொள்வோம். ஒரு மாத வட்டி 700 ரூபாய். அவ்வட்டியின் மீது 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி 126 ரூபாய். ஆக, 826 ரூபாய். அம்மாதம் ஒருவர் 1,000 ரூபாய் மட்டும் செலுத்தினால், அசலில் குறைவது 174 ரூபாயே. மேலும், நிலுவை முழுமையாகத் தீராத நிலையில், பொதுவாகப் புதிய கொள்முதலுக்கு வட்டியில்லாக் காலச் சலுகை கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். தள்ளுபடியில் மிச்சமான தொகை இவ்வழியே கரைந்து போகிறது.

கடைப்பிடிக்கத்தக்க வழிகள்

முதலாவதாக, கடந்த மூன்று மாத அறிக்கையை எடுத்து, ஆடைக்கான செலவுகளை மட்டும் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிழமை, நேரம், அன்றைய நிகழ்வு ஆகியவற்றை எழுதுங்கள். அறிக்கையில் தேதி மட்டுமே இருந்தால், யுபிஐ செயலியும் குறுஞ்செய்தியும் நேரத்தைக் காட்டும். ஊதிய நாளா, இரவு வேளையா, சச்சரவுக்குப் பிந்தைய பொழுதா என்பது விரைவில் புலனாகும். அந்த வேளைக்கு நடைப்பயிற்சி, நண்பருடன் உரையாடல், வாசிப்பு என வேறொன்றை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவதாக, விருப்பத்துக்கும் பணம் செலுத்துவதற்கும் இடையே காலஇடைவெளி வேண்டும். பிடித்த ஆடையைத் தெரிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டு மூன்று நாள் காத்திருங்கள். அதன் பின்னரும் தேவையென்று தோன்றினால், அலமாரியைத் திறந்து அதேபோன்ற ஆடை உள்ளதா எனப் பார்த்த பின் வாங்குங்கள்.

மூன்றாவதாக, வங்கி வசதிகளைப் பயன்படுத்துங்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2020-இல் பிறப்பித்த நெறிமுறைப்படி, அட்டையின் இணையவழிப் பயன்பாட்டை வாடிக்கையாளரே நிறுத்தவும், மீண்டும் இயக்கவும், உச்சவரம்பு விதிக்கவும் இயலும். 2022 அக்டோபர் முதல் விற்பனைத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க இயலாது. நம் ஒப்புதலுடன் அதற்கு மாற்றாக ஒரு டோக்கனே பதிவாகிறது. அதனை நீக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் விவரங்களைப் புதிதாக இட வேண்டியிருக்கும். அந்தச் சிறு தடையே பல வேளைகளில் மறுசிந்தனைக்கு வழிவகுக்கும்.

நான்காவதாக, விற்பனைத் தந்திரங்களை அறிந்திருங்கள். ‘இன்னும் ஐந்து நிமிடமே’, ‘இரண்டே எஞ்சியுள்ளன’ என்று பொய்யான அவசரத்தை உருவாக்குவதும், நாம் கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்டுள்ளன. இத்தகைய முறைகேடு குறித்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கட்டுப்படுத்த முயன்றும் இயலாமல், வாங்கியவற்றைக் குடும்பத்தாரிடம் மறைக்கும் நிலை ஏற்பட்டால், அதனை மன உறுதிக் குறைவு எனக் கருதி வெட்கப்பட வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

மகிழ்ச்சிக்கும் ஒரு கணக்கு

ஆடை வாங்கும் இன்பத்தை முற்றிலும் துறக்கச் சொல்வது நம் நோக்கமன்று. மாதம் 1,500 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்பைத் தொடங்கினால், பன்னிரண்டு மாதங்களில் அசல் மட்டுமே 18,000 ரூபாயாகும், வட்டி தனி. தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னதாக முதிர்வடையுமாறு அதனை அமைத்துக்கொள்ளலாம். குடும்பத்தாருடன் பகல் வேளையில் கடைக்குச் சென்று, துணியைத் தொட்டுப் பார்த்து, விலையை ஒப்பிட்டு, கையிலுள்ள பணத்தைக் கொண்டு வாங்கும் ஆடையை உடுத்தும்போது, அடுத்த மாத நிலுவையைப் பற்றிய கவலை உடன் வராது.