மைதானத்தில் ஒரு கூலிக் கணக்கு

2026 ஜனவரி 19, இரவு. மயாமியின் ஹார்ட் ராக் அரங்கில் கடைசிக் கால்பகுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியானா பல்கலைக்கழக அணிக்கு எல்லைக்கோடு இன்னும் 12 கஜம். கையில் இருப்பது நான்காவது வாய்ப்பு. தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஃபெர்னாண்டோ மெண்டோசா பந்தை வீசப்போகிறார் என்று அரங்கமே காத்திருந்தது. அவரோ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நட்டநடுவே புகுந்து ஓடினார். மோதியவரிடமிருந்து சுழன்று விடுபட்டார், தடுமாறினார், விழவில்லை. கடைசித் தூரத்தை அந்தரத்தில் பாய்ந்து கடந்தார். நீட்டிய கையில் பந்து இருந்தது.

27-21. இந்தியானா தேசிய சாம்பியன். அந்தப் பருவத்தில் 16 ஆட்டம், 16 வெற்றி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் நூற்றைம்பது ஆண்டுக் கணக்கில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளுள் ஒன்றுக்கு இப்படி ஒரு நாள் வந்தது.

மெண்டோசா மயாமியில் வளர்ந்த பையன். உள்ளூர் மயாமி பல்கலைக்கழகம் அவருக்கு உதவித்தொகை தந்து அழைக்கவில்லை. கலிபோர்னியாவுக்குப் போய், பெர்க்லியில் வணிகப் படிப்பை முடித்து, இந்தியானாவுக்கு மாறி வந்தவர். அன்று அவர் வீழ்த்தியது அதே மயாமி அணியைத்தான். அந்த அணியின் குவார்ட்டர்பேக் கார்சன் பெக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு இறுதியாட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஆடிய வில் ஹோவர்ட் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்தும், நோட்ரடேமுக்கு ஆடிய ரைலி லெனர்ட் டியூக்கிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆக இரண்டு இறுதியாட்டம், நான்கு குவார்ட்டர்பேக், நால்வரும் வேறு கல்லூரியில் தொடங்கியவர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் இப்படி நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அமெரிக்காவில் நம்பியிருக்க மாட்டார்கள்.

நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் மாட்டி, ஆளோடு ஆள் மோதி ஆடுவது. அதில் குவார்ட்டர்பேக்தான் அணியின் மூளை. 'கல்லூரி ஆட்டம்' என்றதும் நாலு பெஞ்சும் ஒரு ஷாமியானாவும் நினைவுக்கு வந்தால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மிஷிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் பெயர் ஆளுநருடையதாக இருக்காது. மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளருடையதாக இருக்கும். இத்தனைக்கும் நடுவில் மோதி, விழுந்து, எலும்பு முறிந்து எழும் பையனுக்கு நெடுங்காலம் கிடைத்தவை படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, செலவுக்குச் சிறு தொகை. அவ்வளவுதான்.

ஏன் அப்படி? அதற்கு ஒரு சொல் காரணம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.

1955 செப்டம்பரில் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்கு ஆடிய ரே டென்னிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இருக்கும்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு உரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆடினார், ஆகவே அவர் கல்லூரியின் தொழிலாளி என்பது வாதம். 1957-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் இழப்பீடு கிடையாது என்றது.

அந்தக் காலத்து வழக்குகளுக்கு அஞ்சி, கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 'ஸ்டூடன்ட்-அத்லெட்' என்றொரு சொல்லை உருவாக்கியது. மாணவ வீரன். அந்த அமைப்பை 1951 முதல் 1988 வரை நடத்திய வால்டர் பையர்ஸே பின்னாளில் தம் நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார்: வீரர்கள் ஊழியர்கள் என்று ஏதாவது நீதிமன்றம் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் பிறந்த சொல் அது. அறிக்கைகளில், விதிப் புத்தகங்களில், தொலைக்காட்சி வர்ணனையில் விடாமல் சொல்லிச் சொல்லி, இரண்டு தலைமுறைக்கு அது இயற்கையான சொல்லாகவே ஆகிவிட்டது. இந்த விளையாட்டில் இன்று நடக்கும் அத்தனை குழப்பத்துக்கும் வேர் அந்தச் சொல்தான் என்பது என் எண்ணம்.

பணம் இப்போது புதிதாக வந்து ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் வருத்தப்படுகிறார்கள். பணம் எப்போதோ வந்துவிட்டது. 1984-இல் ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், ஒளிபரப்பு உரிமையை என்.சி.ஏ.ஏ. தன் கையில் மட்டும் வைத்திருப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து கல்லூரிகளின் கூட்டமைப்புகள் தனித்தனியே பேரம் பேசத் தொடங்கின. 2023-இல் தொடங்கிய பிக் டென் கூட்டமைப்பின் ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் சுமார் 700 கோடி டாலர். அதே ஆண்டு டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். இனி பயிற்சி தர வேண்டாம் என்பதற்காக ஒருவருக்கு அவ்வளவு!

அதே உலகத்தில் வீரனுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் தந்ததற்காக சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987 கால்பந்துப் பருவமே ரத்து செய்யப்பட்டது. கல்லூரிக் கால்பந்தின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2005-இல் வாங்கிய ரெஜி புஷ், குடும்பத்தார் வெளியாரிடமிருந்து பணமும் வீடும் பெற்ற விவகாரத்தால் 2010-இல் அந்தக் கோப்பையை இழந்தார். அது திரும்ப அவர் கைக்கு வந்தது 2024-இல்.

சுவரில் முதல் விரிசல் ஒரு வீடியோ கேமில் விழுந்தது. கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் ஒருநாள் நண்பர் வீட்டில், திரையில் தன்னைப் போலவே ஒருவன் ஆடுவதைப் பார்த்தார். அதே இடக்கை, அதே 31-ஆம் எண் சட்டை. பெயர் மட்டும் இல்லை. அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்து, மேற்கு வர்ஜீனியாவின் ஷான் ஆல்ஸ்டன் பெயரில் நடந்த வழக்கில், 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக நின்றார்கள். உழைப்பவருக்கு உரிய விலையைத் தரமாட்டோம் என்று நிறுவனங்கள் கூடிப் பேசிக்கொள்ள அமெரிக்காவில் வேறெங்கும் இடமில்லை என்ற பொருளில் நீதிபதி கவனோ தனியாகவே எழுதினார். பத்தே நாளில், ஜூலை 1 முதல், தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் வாங்க வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு இன்னொரு கதவும் திறந்திருந்தது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு பருவம் முழுக்க ஆடாமல் உட்கார வேண்டும். பயிற்சியாளருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது; நேற்று வரை ஓர் அணி, இன்று இன்னொன்று. 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. பார்க்கப்போனால் அது வெறும் பெயர்ப் பட்டியல். வீரன் கல்லூரி அலுவலகத்தில் சொன்னால், இரண்டு வேலை நாளுக்குள் அவன் பெயரை ஏற்றியாக வேண்டும். ஏறிய நிமிடத்திலிருந்து எந்தப் பயிற்சியாளரும் அவனுக்குப் போன் போடலாம். 2021 ஏப்ரலில், ஒருமுறை மாறினால் உட்காரத் தேவையில்லை என்றார்கள். 2024-இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது.

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று எப்படி அடிக்கும்! விளம்பரப் பணம் என்பது பேச்சுக்குத்தான். பணக்கார ரசிகர்களும் பழைய மாணவர்களும் 'கலெக்டிவ்' என்ற பெயரில் நிதி திரட்டி, நல்ல வீரனை இழுக்கவும் இருப்பவனைத் தக்கவைக்கவும் அதைச் செலவழித்தார்கள். பெயர் விளம்பரம், வேலை சம்பளம். நம் ஐ.பி.எல்.லில் ஏலம் உண்டு, அணிக்குச் செலவு வரம்பு உண்டு, அணியோடு ஒப்பந்தம் உண்டு. இங்கே அந்த மூன்றில் எதுவுமில்லாமல் சந்தை மட்டும் திறந்தது.

டென்னசி பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் நிக்கோ யமலியாவாவைப் பற்றி அமெரிக்காவே பேசியது. பள்ளியில் இருந்தபோதே சுமார் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்தி. 2025 ஏப்ரலில் தொகையை உயர்த்தும் பேச்சு முறிந்தது, பயிற்சிக்கு வரவில்லை. அணியும் அவர் இல்லாமலே போவோம் என்று சொல்லிவிட்டது. அவர் யூ.சி.எல்.ஏ.வுக்குப் போனார். யூ.சி.எல்.ஏ.வில் சில மாதங்களுக்கு முன்புதான் சேர்ந்திருந்த ஜோயி அகிலார், இடம் போய்விட்டதால் டென்னசிக்கு வந்தார். பண்டமாற்றுபோல் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் மாத்யூ ஸ்லூகா, மூன்று ஆட்டமும் வென்றிருந்த நிலையில், சொன்ன பணம் வரவில்லை என்று பருவத்தின் நடுவிலேயே விலகினார். அப்படி ஒரு வாக்குறுதியே முறைப்படி இல்லை என்றது கல்லூரி. வாய்ச்சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையில் ஓர் இளம் பையனை நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

இதையெல்லாம் வைத்துப் பையன்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில் பயிற்சியாளர் லேன் கிஃபின், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் வாசலில் நின்ற ஓல் மிஸ் அணியை விட்டு எல்.எஸ்.யூ. அணிக்குப் போனார். பெரியவர்கள் காட்டிய வழியில்தான் சிறியவர்கள் நடக்கிறார்கள்.

போர்ட்டலால் விளைந்த நன்மையும் சின்னதல்ல. கேம் வார்ட் என்ற டெக்சஸ் பையனைப் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரிகள் சீண்டவில்லை. இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய இடத்தில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி என்று படிப்படியாக ஏறி, 2025-இல் தொழில்முறைத் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். இந்தியானாவின் கதையும் அதுதான். ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி 2023 இறுதியில் இந்தியானாவுக்கு வந்தபோது, அங்கிருந்து 13 வீரர்கள் அவர் பின்னாலேயே வந்தார்கள். பதினெட்டு வயதில் பெரிய கல்லூரிகள் கண்ணில் படாத பிள்ளைகள் பலர் அந்தச் சாம்பியன் அணியில் இருந்தார்கள். ஓர் ஆள் எவ்வளவு தேறுவான் என்பதைப் பதினேழு வயதில் முடிவு கட்டிவிடும் வழக்கத்தை போர்ட்டல் உடைத்தது. அதற்காக அதை வாழ்த்துகிறேன்.

ஆனால் ஜேம்ஸ் மேடிசன் இருக்கும் ஹாரிசன்பர்க் ஊரிலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். வளர்த்த பிள்ளைகள் கொத்தாகப் போனார்கள். மறுபடி விதைத்து, புதிய பயிற்சியாளர் பாப் செஸ்னியின் கீழ் 2025 பிளேஆஃப் வரை ஏறினார்கள். அந்தப் பருவம் முடியும் முன்பே செஸ்னியை யூ.சி.எல்.ஏ. அழைத்துக்கொண்டது. சிறிய கல்லூரி நாற்றங்கால், பெரிய கல்லூரி வயல் என்றாகிவிட்டது. நாற்றங்காலுக்கு விளைச்சலில் பங்கு உண்டா? இல்லை. உலகக் கால்பந்தில் ஒரு வீரனைப் பெரிய கிளப் வாங்கினால், வளர்த்த கிளப்புக்கு மாற்றுத் தொகை கிடைக்கும். இங்கே பெரும்பாலும் அதுவும் கிடையாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதைப் பற்றி எழுதுவோர் குறைவு. போர்ட்டலில் பெயர் ஏற்றி, போன் வராமல் காத்திருக்கும் பையன்கள். பெயர் ஏறிவிட்டால் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்தலாம். முன்பு படித்த பாடங்கள் புதிய கல்லூரியில் முழுதாகச் செல்லாமலும் போகும். ஆட்டமும் இல்லை, பட்டமும் இல்லை என்று நிற்பவன் படம் எந்த நாளிதழிலும் வருவதில்லை. பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்கும் வாசல் குறுகிவிட்டது. பதினெட்டு வயதுக்காரனை மூன்றாண்டு வளர்ப்பதைவிட இருபத்திரண்டு வயதுக்காரனைக் கொண்டுவருவது எளிது என்று பயிற்சியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். இனி ஒவ்வொரு கல்லூரியும் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு வரம்பு வரை நேரடியாக வீரர்களுக்குத் தரலாம்; 2025-26-இல் அந்த வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். இந்த இரண்டிலும் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. மற்ற விளையாட்டுகளில் இருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், தங்கள் பங்கைக் கேட்டு மேல்முறையீட்டுக்குப் போனார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இப்போது கல்லூரி பணம் தருகிறது, கையெழுத்து வாங்குகிறது, பயிற்சி நேரத்தைக் குறிக்கிறது, சொன்ன இடத்தில் நிற்கச் சொல்கிறது. ஆனால் வீரன் தொழிலாளி என்று மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஒப்புக்கொண்டால் அவர்களுக்குச் சங்கம் வரும். சங்கம் வந்தால் கூட்டுப் பேரம் வரும். எப்போது மாறலாம், எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், காயத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து பேசித் தீரும். தொழில்முறை அணிகளில் அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. கல்லூரிகளோ அந்த மேசைக்கு வராமல், வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கேட்டு நாடாளுமன்றத்தின் வாசலில் நிற்கின்றன.

2026 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் டெமண்ட் வில்லியம்ஸ், அடுத்த பருவத்துக்குக் கையெழுத்துப் போட்ட சில நாளில் போர்ட்டலில் நுழையப்போவதாக அறிவித்தார். பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை அமல்படுத்தச் சட்டப்படி இறங்கத் தயாரானது. இரண்டு மூன்று நாளில் அவர் மனம் மாற்றித் திரும்பினார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது 1957 தீர்ப்புதான் நினைவுக்கு வந்தது. ரே டென்னிசனின் மனைவிக்கு இழப்பீட்டை மறுக்க கொலராடோ நீதிமன்றம் சொன்ன காரணம் இது: அவர் கால்பந்து ஆடியே தீர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இருந்ததாகச் சாட்சியம் இல்லை, ஆகவே அவர் தொழிலாளி இல்லை.