முகவரியை மறைக்கும் பிள்ளைகள்

பி.காம். முடித்த அந்தப் பெண்ணிடம் இரண்டு பயோடேட்டாக்கள் இருக்கின்றன. ஒன்றில் கண்ணகி நகர் வீட்டு எண், பிளாக் எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இன்னொன்றில் வேளச்சேரியில் இருக்கும் சித்தி வீட்டு முகவரி. அரசுத் தேர்வுகளுக்கு முதலாவது. பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கம்பெனிகளுக்கு இரண்டாவது. “ஆதார்ல கண்ணகி நகர்தானேக்கா இருக்கு. அதனால செலக்ட் ஆன பிறகுதான் அதை எடுத்துக் காட்டுவேன். அதுக்குள்ள நான் எப்படின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?” என்கிறார். அந்தக் கம்பெனிகளில் பல, அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில்தான் இருக்கின்றன.

சென்னையின் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், வடக்கே வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என எங்கே போய்ப் பேசினாலும் இதே கதையின் வேறொரு பக்கம் கிடைக்கும். ராத்திரி நேரத்தில் ஆட்டோக்காரர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போனது, பின்கோடைப் பார்த்ததும் லோன் பேச்சு நின்றுபோனது, பெண் பார்த்துப் பிடித்தும்போய் ‘ஏரியாதான் கொஞ்சம்…’ என்று இழுத்தது. மறுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் தெருக்களில் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் இங்கே எப்படிப்பட்டவர்கள் வாழ்கிறார்கள் என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது. தியேட்டரில் பார்த்திருக்கிறார்கள். டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள்.

தலைப்பில் ஏறும் ஊர்

தமிழ் சினிமா வடசென்னைக்கு ஓர் அச்சு வைத்திருக்கிறது. குறுகலான சந்து, குழாயடிச் சண்டை, சாவு ஊர்வலத்தில் ஓர் ஆட்டம், கறுப்புத் தோல், லுங்கி, முதுகில் செருகிய கத்தி. சென்னைத் தமிழ் பேசுபவர் ஒரு காலத்தில் சிரிக்கவைப்பவர், பிறகு வெட்டுகிறவர். ஊருக்குள் நாளெல்லாம் உழைக்கும் லட்சக்கணக்கானவர்கள் பேசுகிற பேச்சு, திரையில் கேட்டவுடன் ஒன்று சிரிப்பு வரும் அல்லது பயம் வரும் என்ற நிலைக்குப் போய்விட்டது.

செய்திகளும் பின்தங்கவில்லை. வசதியான பகுதியில் ஒரு கொலை நடந்தால் தலைப்பில் ‘தொழிலதிபர்’ இருப்பார், ‘மனைவி’ இருப்பார், ‘கள்ளக்காதல்’ இருக்கும். இங்கே நடந்தால் ‘வியாசர்பாடியில் பயங்கரம்’, ‘புளியந்தோப்பில் வெறிச்செயல்’. அங்கே குற்றம் செய்தவர் மனிதர். இங்கே குற்றம் செய்தது ஊர். அந்த ஊரில் காலையில் யூனிபார்ம் போட்டுப் பள்ளிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தத் தலைப்பைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

இதே வடசென்னையில்தான் ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் ஆற்காட்டை நோக்கிக் கிளம்பியது. பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக 1918-ல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கம். குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த மண் இது. கால்பந்துக்கும் கேரமுக்கும் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கும் மண். நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் மீனும் இந்தப் பக்கத்திலிருந்துதான் போகின்றன. புகையும் சாம்பலும் இங்கேயே தங்கிவிடுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது, மீனவர்கள் பக்கெட்டாலும் வெறுங்கையாலும் அதை அள்ளிப் படகில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேமராக்கள் வந்தன. சில நாளில் கிளம்பிவிட்டன. கத்திக்குத்து நடந்தால் மட்டும் அவை ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கின்றன.

நினைவு இல்லாத ஊரில்

காசிமேட்டுக்காரருக்கும் வியாசர்பாடிக்காரருக்கும் இந்தப் பழங்கதைகளில் ஒன்றிரண்டாவது வீட்டுப் பெரியவர்கள் மூலம் வந்து சேர்ந்துவிடும். தாத்தா ஆலையில் வேலை பார்த்தார், பெரியப்பா பாக்ஸிங் போட்டார் என்று சொல்லிக்கொள்ள ஏதோ இருக்கும். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வளரும் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் குடியேற்றம் நடந்தது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கொண்டுவந்து வைக்கப்பட்டன. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே போனவர்கள் ஏராளம். பள்ளி ஆண்டின் நடுவில் லாரியில் சாமானோடு ஏற்றப்பட்ட பிள்ளைகள் உண்டு. பழைய இடத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர் இங்கே வேறு பிளாக்கில். எதிர்வீட்டில் முன்பின் தெரியாதவர். ஒரே மாடியில் நான்கு ஏரியாக்காரர்கள். கோயில் திருவிழா அங்கேயே நின்றுவிட்டது. மாரியம்மன் யாருடையவள் என்பதிலேயே சண்டை.

இப்படிப்பட்ட இடத்தில் ‘நாம்’ என்ற சொல்லுக்கு ஓர் உருவம் வேண்டியிருக்கிறது. பொது நினைவு இல்லாத ஊரில் சினிமாதான் பொது நினைவாகிறது. ‘நம்ம ஏரியா’ என்றால் என்ன, ‘நம்ம ஆளு’ எப்படி நடப்பான், எப்படி முறைப்பான் என்பதைத் திரைதான் கற்றுக்கொடுக்கிறது. வெளியாட்கள் பயப்படுவதற்காக வரையப்பட்ட முகத்தை, உள்ளே இருக்கும் பிள்ளைகள் தங்கள் சொந்த முகம் என்று எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

‘இன்னொரு டேக் போலாம்டா’

என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். பெரும்பாக்கத்தில் ஒரு பிளாக்கின் மாடிப்படியில் நான்கு பையன்கள் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் வயது. ஒருவன் கடைசிப் படியில் உட்கார்ந்து போனைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறான். அப்போதுதான் இறங்கி வருகிறவன் உயரமாகத் தெரிவான். இறங்குகிறவன் சட்டையின் மேல் இரண்டு பட்டன்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கால் வைக்கிறான். பாட்டைப் பிறகு சேர்ப்பார்களாம். அதன் தாளத்தை ஒருவன் வாயாலேயே போட்டுக்கொண்டிருக்கிறான். லிஃப்ட் ஓடவில்லை போலிருக்கிறது. இரண்டு குடத்தில் தண்ணீரோடு ஓர் அம்மா படியேறி வருகிறார். “ஆயா, சீக்கிரம் போ ஆயா, பிரேம்ல வர்றே!” என்கிறான் போன் வைத்திருப்பவன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒதுங்கி மேலே போகும்வரை காத்திருந்துவிட்டு, “இன்னொரு டேக் போலாம்டா” என்கிறான்.

அந்த ஊரில் உண்மையில் நடந்துகொண்டிருந்தது தண்ணீர் சுமப்பது. பிரேமுக்கு அது வேண்டாம்.

படியிறங்கிய பையன் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறவன். போட்டியில் கப்பு வாங்கிய படத்தையும் அதே பக்கத்தில் போட்டிருக்கிறான். அதற்கு விழுந்த லைக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முறைத்துக்கொண்டு நடக்கும் வீடியோக்களுக்கு ஆயிரக்கணக்கில் விழுகின்றன. நாளைக்கு அவன் எதைப் போடுவான்? பதினைந்து வயதில் கைதட்டல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் உடம்பு திரும்பும். போனில் எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்குக்கு எந்த ஊர்ப் பிள்ளை என்ற கவலை கிடையாது. எது அதிக நேரம் பார்க்கப்படுகிறதோ அதையே மேலும் கேட்கும்.

அடுத்த படியையும் நாம் பார்த்துவிட்டோம். பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டுகிறார்கள், வீடியோ பரவுகிறது, போலீஸ் வருகிறது, மறுநாள் அதே பையன்கள் தலைகுனிந்து ‘இனிமேல் இப்படிச் செய்ய மாட்டோம்’ என்று சொல்லும் இன்னொரு வீடியோ வருகிறது. இரண்டுமே செய்தியாகின்றன. கத்தியோடு நின்றது நடிப்பு. ஆனால் பதிவான வழக்கு நடிப்பில்லை. பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். அக்காவின் பயோடேட்டாவில் ஒளிக்கப்பட்ட ஊர்ப்பெயரும், தம்பியின் ரீல்ஸில் ‘ஏரியா கெத்து’ என்று மின்னும் ஊர்ப்பெயரும் ஒரே காயத்தின் இரண்டு பக்கங்கள். ஒருவருக்கு வெட்கமாக வந்தது, மற்றவருக்கு வீறாப்பாக வந்திருக்கிறது.

‘சினிமா உள்ளதைத்தானே காட்டுகிறது, இங்கே ரவுடிகளே இல்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள். 2015-ல் ‘காக்கா முட்டை’, 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ போன்ற, ரவுடிகளைத் தாண்டிப் பார்த்த படங்களும் வந்து மக்களின் மனதைத் தொட்டிருக்கின்றன. ஆனால் பையன்களின் போனில் மறுபடி மறுபடி ஓடுவது அந்தக் காட்சிகள் இல்லையே.

தலைப்பை மாற்றிய பெண்கள்

2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தவர், புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் இருந்தவர், கண்ணகி நகர்ப் பெண். அந்த வாரம் பத்திரிகைகள் அவர் பெயருக்கு முன்னால் ‘கண்ணகி நகர்’ என்று சேர்த்தே எழுதின. அந்த ஊர்ப்பெயர் தலைப்பில் வந்து யாரும் பயப்படாத அபூர்வமான வாரம் அது. அந்தச் செய்தியைக் கண்ணகி நகர்ப் பிள்ளைகள் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார்கள். ஊர்ப்பெயரை யாரும் வெட்டி எறியவில்லை.

ஆனால் ஊருக்கு நல்ல பெயர் வாங்கித்தரும் பாரத்தைப் பதினேழு வயதுப் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. பதக்கம் வாங்காத பிள்ளைக்கும் தன் முகவரியை நிமிர்ந்து சொல்ல உரிமை இருக்கிறது. 2020-ல் கண்ணகி நகரின் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டப்பட்டன. பார்க்க அழகுதான். வெளியிலிருந்து வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டும் போகிறார்கள். பயோடேட்டாவில் மட்டும் இன்னும் வேளச்சேரிதான்.

செய்ய வேண்டியது பெரிய திட்டமெல்லாம் இல்லை. இந்தப் பகுதிகளின் பள்ளிகளில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுக்கலாம்: உன் பாட்டி எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தார், என்ன வேலை செய்தார், இங்கே வந்த முதல் வாரம் எப்படி இருந்தது என்று போனில் பதிவு செய்து வா. படம் எடுக்க அவர்களுக்குத் தெரியும். கோணம் தெரியும், வெளிச்சம் தெரியும், எடிட்டிங் நம்மைவிட நன்றாகத் தெரியும். குடத்தோடு ஏறிய அந்த அம்மாவை பிரேமுக்குள் அழைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை ஓர் ஆசிரியர் சொன்னால் போதும். அங்கே படப்பிடிப்புக்கு வரும் குழுக்கள், கூட்டத்தில் நிற்க மட்டும் ஆள் எடுக்காமல், கதை பேச உட்காரும் அறைக்குள்ளும் இரண்டு பேரைக் கூப்பிடலாம்.

பத்திரிகைகளும் சேனல்களும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த கொலைச் செய்தி வரும்போது, நடந்த இடத்தைச் செய்திக்குள் எழுதுங்கள்; தலைப்பிலிருந்து ஊரின் பெயரை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் இரண்டாவது பயோடேட்டாவைக் கிழித்துப்போட அதுதான் முதல் உதவி.