கடாம்பி மீனாட்சியின் பல்லவர் ஆய்வுகள்

கடாம்பி மீனாட்சி (1905 – மார்ச் 3, 1940) பல்லவர் வரலாற்றையும் கலையையும் ஆய்ந்த தமிழக வரலாற்றாளர் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியிடம் பயின்று, 1936-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் இப்பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. இவருடைய ஆய்வுகளில் காஞ்சிபுரம் முதன்மையான இடத்தைப் பெறுகின்றது.

பல்லவர் ஆட்சியும் சமூகமும்

முனைவர் பட்ட ஆய்வேடு 1938-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. அரசர்களின் போர்களையும் ஆட்சியாண்டுகளையும் வரிசைப்படுத்துவதோடு இந்நூல் நின்றுவிடவில்லை. வரிகள், நீர்ப்பாசனம், ஊராட்சி, கல்வி, இசை முதலியவற்றைக் கல்வெட்டுகள், செப்பேடுகள் ஆகியவற்றின் துணையுடன் விளக்குகின்றது. காஞ்சியில் இருந்த கடிகை எனும் உயர்கல்வி நிலையமும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் இதில் ஆராயப்படுகின்றன.

வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்கள்

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலை இரண்டாம் நந்திவர்மன் (8-ஆம் நூற்றாண்டு) கட்டினான். இதன் திருச்சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் மரபின் வரலாறு, பிரமனில் தொடங்கும் புராண வழிமுறை முதல் நந்திவர்மன் வரை, சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டுள்ளது. கோயிலின் கட்டடக்கலையை அலெக்சாந்தர் ரீ 1909-இல் வெளியான நூலில் பதிவு செய்திருந்தார். மீனாட்சி சிற்பங்கள் கூறும் கதையை ஆராய்ந்தார்.

நந்திவர்மன் அரசேற்ற பகுதியில் மட்டும் சிற்பங்களுடன் கல்வெட்டுக் குறிப்புகள் உள்ளன. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் கடிகையார் உள்ளிட்டோர் இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனை வேண்டினர். அவனுடைய புதல்வர் நால்வருள் மூத்த மூவரும் மறுக்க, 12 வயதுடைய பல்லவமல்லன் இசைந்தான். இவனே இரண்டாம் நந்திவர்மன். குறிப்புகள் இல்லாத சிற்பங்களை, காசாக்குடிச் செப்பேடு முதலியவற்றிலுள்ள மரபு வரிசையுடன் ஒப்பிட்டு மீனாட்சி அடையாளம் காட்டினார்.

இவ்வாய்வு இந்தியத் தொல்லியல் துறையின் 63-ஆம் நினைவேடாக 1941-இல், அதாவது அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது.

முக்கியத்துவம்

நந்திவர்மன் நேர்வழி வாரிசு அல்லன். சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மனின் கிளையைச் சேர்ந்தவன். எனவே இச்சிற்பங்களை நடுநிலையான வரலாறாக மட்டும் கொள்ளவியலாது. தன் அரசுரிமையை நிலைநாட்ட அவ்வரசன் விடுத்த அறிவிப்பாகவும் இவற்றைக் கருதவேண்டும். செப்பேட்டுடன் ஒப்பிடும்போதும் இவ்வெச்சரிக்கை தேவை. காசாக்குடிச் செப்பேடும் அவனே வெளியிட்டது.

மணற்கல் எளிதில் தேயக்கூடியது. அதனால், நூலிலுள்ள ஒளிப்படங்கள் இச்சிற்பங்களின் முந்தைய நிலையை அறிவதற்குரிய சான்றாகவும் விளங்குகின்றன. தெ. டென்னிசு அட்சன் 2008-இல் வெளியான தம் நூலில் இக்கோயிலை வைணவச் சமய நோக்கில் விளக்கியுள்ளார். இச்சிற்பங்களை வரலாற்றுச் சான்றாக ஆராய்வோருக்கு மீனாட்சியின் நூல் இன்றும் அடிப்படையாக அமைகின்றது.